‘எங்கள் டீக்கடையில் சிகரெட் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?’

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே நானும் என் கணவரும் டீக்கடை வைத்திருக்கிறோம். டீ மாஸ்டர் என் தம்பிதான். காலை நாலரைக்குத் திறந்தால் மூட இரவு ஒன்பது ஆகும். வருகிறவர்கள் டீ கிளாஸைக் கையில் வாங்கியதும் சிகரெட்டையும் பற்ற வைக்கிறார்கள். எங்கள் மகனுக்கு ஒன்பது வயது, வீசிங் உண்டு. பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். மாலையில் நேராகக் கடைக்கு வந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். சமீபத்தில் இரண்டு தடவை நடுராத்திரியில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்குள் சிகரெட் கூடாது என்று போர்டு வைக்கலாம் என்றால், “இருக்கிற வியாபாரமும் போயிடும். அரசாங்கமே விற்க விட்டிருக்கு, குடிக்காதேன்னு சொல்ல நாம யாரு?” என்கிறார் கணவர். அவருக்கு 48 வயது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பழக்கம். கண் விழித்ததும் ஒன்று வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட், அதாவது இருபது. இரண்டு தடவை விட்டுப் பார்த்தார், பத்து நாள் தாண்டவில்லை. ஒரு மாதமாக நிற்காத இருமல். கேட்டால் “சிகரெட் இருமல்தான்” என்கிறார். கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். சிகரெட்டை ஒன்று இரண்டாகச் சில்லறையில் நாங்களே விற்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போர்டு வைப்பது சரியா? அவரை எப்படி நிறுத்த வைப்பது?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவருடைய இருமல் ஒரு மாதமாக நிற்கவில்லை என்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். “சிகரெட் இருமல்தான்” என்று தள்ளிப்போட்டு, பாதி நுரையீரல் கெட்ட பிறகு வருகிறவர்களை நெஞ்சக நோய் மருத்துவன் என்ற முறையில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை வெறும் பயமுறுத்தலாக நினைக்காதீர்கள். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2003இல் வெளிவந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. புகையிலை என்றாலே புற்றுநோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் ஊர் ஆண்களை அது டி.பி. வழியாகவும் நிறையவே கொன்றிருக்கிறது, அதுவும் நடுவயதில்.

ஆகவே இந்த வாரமே அவரை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனை இலவசம். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். இருமலில் ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். போகும் வழியில் சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். இருமலுக்காகப் போகிறோம், அவ்வளவுதான். திட்டு விழும் என்று தெரிந்தால் அவர் கிளம்ப மாட்டார்.

இப்போது கடைக்கு வருவோம்.

போர்டு வைப்பது சரியா என்று கேட்கிறீர்கள். சரி என்பதோடு நிற்கவில்லை, அது உங்கள் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், எவையெல்லாம் பொது இடம் என்பதை விரிவாகச் சொல்கின்றன. உணவகம், சிற்றுண்டி அறை, கேன்டீன், காபி கடை எல்லாம் அதற்குள் அடக்கம். திறந்தவெளி என்றாலும் பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் போல மக்கள் வந்து போகும் இடங்களுக்கு விலக்கு இல்லை. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்து இந்த விதிகளைக் கொண்டுவந்தவர் நம் ஊர்க்காரரான டாக்டர் அன்புமணி ராமதாஸ். முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் பெரிய உணவகங்கள் மட்டும், சில நிபந்தனைகளோடு தனி அறை ஒதுக்கிக்கொள்ளலாம். டீக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. கூரைக்குக் கீழே போட்டிருக்கும் பெஞ்சையும் கடையாகவே வைத்துக்கொள்ளுங்கள். புகைக்கு வாசற்படி தெரியாது.

போர்டு குறைந்தது 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டடிக்கு ஓரடி. இது புகைபிடிக்கக் கூடாத இடம், இங்கே புகைபிடிப்பது குற்றம் என்று தமிழில் எழுதி, நுழைகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். யாராவது மீறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் அதில் இருக்க வேண்டும். உங்கள் பெயரையே எழுதுங்கள். சாம்பல் தட்ட வைத்திருக்கும் டப்பா, வத்திப்பெட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் லைட்டர் அல்லது கனிந்துகொண்டே இருக்கும் கயிறு, இவை எதுவும் கடையில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். என்னைக் கேட்டால் போர்டைவிட முக்கியமானது அந்தக் கயிற்றை அவிழ்ப்பது. போர்டைப் படிக்காதவர்கூட, பற்றவைக்க நெருப்பு இல்லாவிட்டால் தயங்கி நிற்பார்.

மீறிப் பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். அதை வசூலிப்பது உங்கள் வேலையில்லை, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் போல அதிகாரம் பெற்ற அலுவலர்களின் வேலை. ஆனால் புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான தொகையை அவரிடமே அபராதமாக வாங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை உங்கள் கணவரிடம் சொல்லலாம். வியாபாரக் கணக்காகச் சொன்னால் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

“குடிக்காதேன்னு சொல்ல நாம யாரு” என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. யாரையும் குடிக்கக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. இந்த இடத்தில் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிப்பதைப் பொதுத்தொல்லை என்றது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை அது பறிக்கிறது என்றும் தீர்ப்பளித்தது. 2001இல் முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தபோதும் இதே கேள்விதான் மையம்: பொது இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, புகைபிடிக்காத ஒருவர் ஏன் நோயைச் சுமக்க வேண்டும்? உங்கள் கடையில் அந்த ஒருவர் யார் என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஐந்து நிமிஷம் நின்று டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். பாய்லர் முன்னால் பகல் முழுக்க நிற்பவர் உங்கள் தம்பி. பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன் உங்கள் மகன்.

பிடிப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடும் புகை குறைவு. இரண்டு இழுப்புக்கு நடுவே சிகரெட்டின் நுனி தானாகக் கனிந்துகொண்டிருக்கிறதே, அந்தப் புகைதான் கடைக்குள் தேங்கும் புகையில் பெரும்பகுதி. அது பஞ்சு வழியாக வருவதில்லை, நேராகக் காற்றில் கலக்கிறது. சுமார் எழுபது புற்றுநோய்க் காரணிகள் அதில் இருக்கின்றன. மின்விசிறியைச் சுழற்றினால் புகை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகுமே தவிர, அதன் விஷம் குறையாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதையும் மருத்துவம் கண்டதில்லை. வீசிங் உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கி, எதற்கும் சுருங்கத் தயாராக இருக்கும். மாலையில் இந்தப் புகையை இரண்டு மூன்று மணி நேரம் சுவாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நடுராத்திரியில் இளைப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை.

புகையை நிறுத்தினால் பலன் எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்பதற்கு ஸ்காட்லாந்தைச் சொல்வேன். 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் அங்கே தடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பத்து மாதங்களையும் பிந்தைய பத்து மாதங்களையும் ஒன்பது மருத்துவமனைகளில் ஒப்பிட்டார்கள். மாரடைப்பும் அதை ஒட்டிய நெஞ்சுவலியுமாகச் சேர்க்கப்பட்டவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைபிடிக்காதவர்கள். யாரோ பிடித்த சிகரெட்டுக்காக அதுவரை ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் அவர்கள். நம் நாட்டில் 2016–17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, கட்டடத்துக்குள் வேலை பார்ப்பவர்களில் 30 சதவீதம் பேர் வேலையிடத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள். உங்கள் தம்பியும் அவர்களில் ஒருவர்.

வியாபாரம் போய்விடுமா? முழு அளவில் தடை கொண்டுவந்த முதல் நாடான அயர்லாந்தில் 2004இலும், அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் நகரத்திலும் கடைக்காரர்கள் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். வரி வசூல், விற்பனைக் கணக்கு போன்ற நிஜமான எண்களை வைத்துப் பல நாடுகளில் செய்த நல்ல ஆய்வுகளில், உணவகங்களின் வியாபாரம் இதனால் விழுந்ததாகத் தெரியவில்லை. அவை பெரிய ஊர்களின் ஓட்டல்கள், பேருந்து நிலையத்து டீக்கடையோடு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்க்கடையில் பிடிக்க விட்டால் முதல் சில வாரம் உங்களுக்குச் சில டீ குறையலாம். ஆனால் நம் நாட்டில் பெரியவர்களில் புகைபிடிப்பவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேருக்கும் குறைவு. பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள், குழந்தையோடு வரும் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள் இப்போது உங்கள் கடைக்குள் வந்து உட்காருகிறார்களா? புகை மண்டிய கடையை அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போனவர்கள் யார் என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது. முடிந்தால் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மற்ற டீக்கடைக்காரர்களிடமும் பேசி, எல்லாரும் ஒரே நாளில் போர்டு மாட்டுங்கள். வணிகர் சங்கம் இருந்தால் அதில் வையுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. பற்ற வைத்த பிறகு சொன்னால் அது அவமானம், பற்ற வைக்கும் முன்னால் சொன்னால் வேண்டுகோள். டீ கிளாஸைக் கையில் கொடுக்கும்போதே, “அண்ணே, பையனுக்கு வீசிங், உள்ளே மட்டும் வேண்டாம்ணே” என்று சொல்லுங்கள். சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள், பையனை முதலில் சொல்லுங்கள். தினமும் வருகிற நாலைந்து பெரியவர்களிடம் போர்டு மாட்டுவதற்கு முந்தின நாளே போய், நாளையிலிருந்து இப்படி என்று சொல்லிவிடுங்கள். மற்றவர்களை அவர்களே தடுப்பார்கள். சண்டைக்கு வருகிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் தம்பியை மோத விடாதீர்கள். போர்டைக் காட்டிவிட்டு, டீயை பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்து அனுப்புங்கள்.

இனி நீங்கள் மறைக்காமல் சொன்ன விஷயம். சிகரெட் விற்பனை. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. தூரத்தை அளந்து பாருங்கள். அதற்குள் இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, நாளைக்கே நிறுத்த வேண்டும். வெளியே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் விற்கக் கூடாது. அப்பாவுக்கு வாங்க வந்தேன் என்று சொன்னாலும் கொடுக்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின்படி பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் மகன் கல்லாப் பக்கம் உட்கார்ந்து யாருக்கும் சிகரெட் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

தூரக் கணக்கு எப்படி இருந்தாலும், விற்பனையை நிறுத்திவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணம் உங்கள் கணவர். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. ஒற்றையாக வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அதைவிட மோசம், விட நினைப்பவருக்கு எதிரி ஒற்றைச் சிகரெட்தான். ‘ஒன்றே ஒன்று’ என்று கை நீட்டினால் கிடைத்துவிடும். உங்கள் கணவர் கல்லாவில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்திலேயே அது இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே தான் மட்டும் விலகியிருப்பது எவராலும் முடியாத காரியம். அவர் முன்பு இரண்டு தடவை தோற்றார் என்கிறீர்கள். இந்தக் கல்லாவில் உட்கார்ந்தபடி பத்து நாள் தாக்குப்பிடித்தாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிகரெட்டில் வரும் வருமானம் போகும் என்பது உண்மை. அந்த இடத்தில் கடலை மிட்டாய், பிஸ்கட், வாழைப்பழம், சுண்டல் என்று எதை வைத்தால் ஓடும் என்று என்னைவிட உங்களுக்கே தெரியும்.

கடைக்குள் புகையை நிறுத்துவது அவருக்கும் சிகிச்சைதான். வேலையிடத்தை முழுக்கப் புகையற்றதாக்கினால் அங்கே வேலை செய்பவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று சிகரெட் குறைக்கிறார்கள், நூற்றுக்கு நாலு பேர் அளவில் பழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் கண்டார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. இடம் மாறியது, பழக்கம் மாறியது. பொது இடத் தடையைத் தண்டனையாகவே நாம் பார்க்கிறோம். விட வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை என்று நான் நம்புகிறேன். அப்படி நினைப்பவர்கள் குறைவும் இல்லை. முன்பு சொன்ன 2016–17 தேசியக் கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் பாதிக்கும் மேல், சரியாகச் சொன்னால் 55.4 சதவீதம் பேர், விட வேண்டும் என்ற யோசனையில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு தடவை முயன்ற உங்கள் கணவர் அவர்களில் ஒருவர். அவருக்கு மனசு இருக்கிறது. இல்லாமல் போனது மருந்து.

கண் விழித்ததும் ஒன்று வேண்டும் என்கிறீர்களே, அதை வைத்துத்தான் அடிமைத்தனத்தின் ஆழத்தை நாங்கள் அளப்போம். புகையை இழுத்த பத்து இருபது நொடிகளில் நிகோடின் மூளையை அடைகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. இரவு முழுக்கத் தூங்கி எழும்போது உடம்பில் அது ஏறக்குறைய காலி. அந்தத் தவிப்போடுதான் அவர் கண் விழிக்கிறார். முதல் சிகரெட் ‘மனசை லேசாக்குகிறது’ என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றியதும் முந்தின நாள் சிகரெட்தான். எந்த உதவியும் இல்லாமல், வைராக்கியத்தை மட்டும் நம்பி நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். ஆகவே அவருடைய பத்து நாளைப் பலவீனம் என்று சொல்லாதீர்கள். அவரையும் சொல்ல விடாதீர்கள்.

மருந்தில் எளிதானது நிகோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் வருகிறது. எழுந்த அரைமணி நேரத்துக்குள் பற்ற வைப்பவருக்கு 4 தேவைப்படும், மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சாதாரண பபுள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் வேலை செய்யாது, வயிற்றைத்தான் கலக்கும். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தது போல் காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரைமணி நேரம். முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். டீக்கடைக்காரருக்கு அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: வாயில் கம் இருக்கும்போதும், அதற்குக் கால் மணி நேரம் முன்பும் டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எதுவும் கூடாது. குடித்தால் நிகோடின் வாயில் உறிஞ்சப்படாது. ‘கம் போட்டும் பிரயோஜனம் இல்லை’ என்று சொல்கிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் கம்மோடு டீயும் குடித்திருப்பார்கள்.

நாள் முழுக்கத் தோலில் ஒட்டியிருக்கும் நிகோடின் பட்டையும் உண்டு. பட்டையும் கம்மும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம், அவர் அளவுக்குப் பிடிப்பவருக்கு நான் அப்படித்தான் யோசிப்பேன். புப்ரோபியான், வரெனிக்ளின் என்று மாத்திரைகளும் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியான் ஆகாது. இவை எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதை’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆளைக் கொல்வது புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும். கம்மில் அவை கிடையாது.

1800-11-2356 என்ற எண் சிகரெட் பாக்கெட்டின் மீதே அச்சாகியிருக்கும். அது மத்திய அரசின் இலவச ஆலோசனை எண், தமிழிலும் பேசலாம். விடும் தேதியை அவரோடு சேர்ந்து குறித்து, அதற்குப் பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆனால் போனை எடுக்க வேண்டியது அவர், நீங்கள் அல்ல. நேரில் போக வேண்டுமானால் மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலை நிறுத்த ஆலோசனை எங்கே தருகிறார்கள் என்று கேளுங்கள்.

தேதியை அடுத்த இரண்டு வாரத்துக்குள் குறிக்கச் சொல்லுங்கள். திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் வரும் வாரம் வேண்டாம். முந்தின இரவே வீட்டிலும் கடையிலும் உள்ள சிகரெட், லைட்டர் எல்லாம் வெளியேற வேண்டும். முதல் மூன்று நாள் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், சாப்பாட்டு ஆசை எல்லாம் வரும். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் தணியும். ஒவ்வொரு முறை வரும் தவிப்பும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நிமிஷங்களுக்கு எழுந்து நடப்பதோ, தண்ணீர் குடிப்பதோ, கிளாஸ் கழுவுவதோ எதுவானாலும் சரி. காலையில் எழுந்ததும் அவர் வழக்கமாகப் போய் நிற்கும் இடம் எதுவோ, மொட்டை மாடியோ கொல்லையோ, அங்கே போகாமல் முதலில் குளிக்கச் சொல்லுங்கள்.

‘ஒரேயடியாக வேண்டாம், இருபதை இரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன்’ என்பார். அதை முடிவாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று பிடித்தாலே, இருபது பிடிப்பதால் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. பீடிக்கு மாறுவதும் வழியல்ல. பீடி இலையின் வழியாகக் காற்று புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும், நஞ்சு அதிகமாகத்தான் உள்ளே போகும். மின் சிகரெட்டை 2019இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள்.

உங்கள் பங்கு என்ன? கத்தியும் அழுதும் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதில் இருக்கும் களைப்பு எனக்குப் புரிகிறது. இனி அவர் வாயை மோந்து பார்ப்பதையும் எண்ணிக்கை கேட்பதையும் விட்டுவிடுங்கள். கடைக்குள், வீட்டுக்குள், பையன் இருக்கும் இடத்தில் புகை கிடையாது. இதில் மட்டும் அசையாதீர்கள். மொட்டை மாடியில் அவர் என்ன செய்கிறார் என்று பின்னால் போகாதீர்கள். விட்ட பிறகு ஒருநாள் கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டு வந்தால், “எல்லாம் போச்சு” என்று சொல்லாதீர்கள். “சரி, நாளைக்கு மறுபடி கம் போட்டுக்கோங்க” என்று சொல்லுங்கள். வழுக்கிய ஒன்று வழுக்கல்தான், அடுத்த பாக்கெட்டை வாங்கினால்தான் தோல்வி. நிறைய பேர் பல தடவை முயன்ற பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

48 வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஐம்பது வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக ஆறு ஆண்டு ஆயுள் கூடியது. விட்ட ஒரு நாளுக்குள் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு நீங்குகிறது. ஒரு வருஷத்தில், புகையால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. இருமல் மட்டும் முதல் சில வாரம் கூடினாற்போல் தெரியலாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. அதற்குப் பயந்து மறுபடி பற்ற வைத்துவிட வேண்டாம்.

பையனைப் பற்றி ஒன்று. புகை நின்றாலும் அவனுக்கு மருந்து வேண்டும். இரண்டு தடவை ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது என்றால் அவனுடைய ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. இளைப்பு வரும்போது மட்டும் அடிக்கும் இன்ஹேலர் வேறு, வராமல் தடுக்கத் தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலர் வேறு. இரண்டாவது வகையை அவன் எடுக்கிறானா என்று கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஸ்பேசர் குழாய் வைத்து எடுக்கிறானா என்றும் பாருங்கள். நேராக வாயில் வைத்து அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். போர்டு மாட்டிக் கடை பழகும் வரை, மாலையில் அவன் பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உட்கார்ந்து படிக்கட்டும்.

சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எக்ஸ்ரே அறிக்கையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பிரஷர், சர்க்கரை, வலிப்பு ஏதாவது உண்டா என்பதையும் குறிப்பிடுங்கள். கம்மா, பட்டையா, மாத்திரையா என்று முடிவு செய்ய அந்த விவரங்கள் தேவை.